கிறித்தவத்தில் தனிமனித சமய அனுபவமும் சபைச் சமூகமும்

தனிமனித சமய அனுபவம் என்பது ஒருவர் இறைவனைத் தாமே நேரில் உணர்ந்ததாக, அல்லது இறைவனால் தொடப்பட்டதாகக் கொள்ளும் அனுபவம் ஆகும். சபைச் சமூகம் என்பது பொது வழிபாடு, திருமுழுக்கு, நற்கருணை, திருமணம், அடக்கம் ஆகியவற்றால் பிணைக்கப்பட்ட நம்பிக்கையாளர் கூட்டத்தைக் குறிக்கும். முன்னது ஒருவரின் உள்ளத்தில் நிகழ்வது. பின்னது பலர் கூடி நடத்துவது. தற்காலக் கிறித்தவத்தின் பல இயக்கங்களும் பிரிவுகளும் பிணக்குகளும் இவ்விரண்டுக்கும் இடையிலான உறவிலிருந்தே தோன்றியுள்ளன.

இந்த உறவைக் காவிரிக் கழிமுகக் கரையோரத்தில் தெளிவாகக் காணலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், அதன் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தரங்கம்பாடி, தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேளாங்கண்ணி ஆகிய மூன்று ஊர்களும் மூன்று வகைக் கிறித்தவ மரபுகளுக்கு எடுத்துக்காட்டாக விளங்குகின்றன. இக்கட்டுரை அவற்றை முதன்மையாகக் கொண்டு, தமிழ்நாட்டின் பிற பகுதிகளையும் உலக வரலாற்றையும் தொட்டு இப்பொருளை விளக்குகிறது.

பொருள் விளக்கம்

சமய அனுபவம் எனப்படுவது ஒரே வகையானது அன்று. கிறித்தவ வழக்கில் பின்வருவன பெரும்பாலும் வேறுபடுத்திக் கூறப்படுகின்றன.

மனமாற்றம்: பழைய வாழ்வை விட்டுப் புதிய வாழ்வைத் தொடங்கியதாக ஒருவர் உணர்தல். சீர்திருத்தச் சபைகளில் இது "இரட்சிக்கப்படுதல்", "மறுபடியும் பிறத்தல்" எனப்படும்.

காட்சி: இயேசுவையோ மரியாவையோ கண்டதாக அல்லது குரலைக் கேட்டதாகக் கூறுதல்.

நலம் பெறுதல்: நோய், குழந்தையின்மை, கடன் முதலிய இடர்கள் வேண்டுதலால் நீங்கியதாக நம்புதல்.

ஆவியின் நிறைவு: தூய ஆவியால் நிரப்பப்பட்டதாக உணர்தல். பெந்தெகொஸ்தே சபைகளில் "அந்நிய பாஷை" பேசுதல் இதன் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

அமைதியான உணர்வு: செபத்தின்போதோ நற்கருணை பெறும்போதோ ஏற்படும் இறை உடனிருப்பு உணர்வு. இது பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதில்லை. ஆயினும் மிகப் பலருடைய சமய வாழ்வு இதனையே சார்ந்துள்ளது.

சபைச் சமூகத்தின் அமைப்பும் சபைக்குச் சபை வேறுபடும். கத்தோலிக்கத்தில் "பங்கு" என்னும் நிலவரை உடைய அலகு உள்ளது. ஒருவர் குடியிருக்கும் இடமே அவருடைய பங்கைத் தீர்மானிக்கிறது. லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை ஆகியவற்றில் குடும்பங்கள் சந்தா செலுத்தி உறுப்பினராகின்றன. சுதந்திரப் பெந்தெகொஸ்தே சபைகளில், தாமே விரும்பி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களே முழு உறுப்பினர் ஆவர்.

கோட்பாடுகள்

இப்பொருளைப் பற்றிய நவீன ஆய்வில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரின் நூல் முதன்மையானது. அவர் 1901, 1902 ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902 இல் நூலாக வெளிவந்தன. தனிமையில் இருக்கும் மனிதர் தெய்வத்துடன் கொள்ளும் உறவே சமயத்தின் அடிப்படை என்றும், கோயிலும் கோட்பாடும் அதிலிருந்து பின்னர் விளைந்தவை என்றும் அவர் கருதினார்.

இக்கருத்துக்கு இரு திசைகளிலிருந்து மறுப்பு எழுந்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் 1912 இல் வெளியிட்ட நூலில், சமயம் முதன்மையாகக் கூட்டு வாழ்வின் வெளிப்பாடு என்றார். ஜேம்சின் நண்பரும் மெய்யியலாளருமான ஜோசையா ராய்ஸ் 1913 இல், கிறித்தவத்தின் மையம் தனி மனிதர் அல்லர், அன்பால் இணைந்த சமூகமே என்று வாதிட்டார்.

அனுபவத்திற்கு முதன்மை தரும் எண்ணம் ஜேம்சுக்கு முற்பட்டது. செருமானிய இறையியலாளர் சிலெயர்மாக்கர் 1799 இல், சமயம் என்பது அறிவோ ஒழுக்கமோ அன்று, உணர்வே என எழுதினார். அவர் இளமையில் மொராவியச் சகோதரர் சபையின் பள்ளிகளில் பயின்றவர். அதே மொராவியச் சபையினர் அவர் பிறப்பதற்கு முன்னரே தரங்கம்பாடியில் குடியேறியிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தரங்கம்பாடியும் உள்ளப் பக்தி இயக்கமும்

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை தென்மார்க்கின் வணிகக் குடியேற்றமாக இருந்தது. 1706 சூலை 9 அன்று பர்த்தொலொமேயு சீகன்பால்கு, ஐன்ரிக் புளூட்சோ ஆகிய இரு செருமானியர்கள் அங்கு வந்து இறங்கினர். இந்தியாவுக்கு வந்த முதல் சீர்திருத்தச் சபை மறைபரப்பாளர்கள் இவர்களே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இவர்கள் பயட்டிசம் எனப்படும் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். பிலிப் யாக்கோப் சிபேனர் 1675 இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கியதாகக் கருதப்படும் இவ்வியக்கத்திற்கு, அவுகுஸ்து எர்மன் பிராங்கே தலைமையேற்ற ஆலே நகரம் பின்னர் மையமாயிற்று. கிறித்தவ நாட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்று, கோயிலுக்குச் சென்று வருவதால் மட்டும் ஒருவர் கிறித்தவர் ஆகிவிடுவதில்லை என்பது இவர்களது நிலைப்பாடு. உள்ளத்தில் மனமாற்றம் நிகழ வேண்டும் என்றும், அம்மாற்றம் விவிலிய வாசிப்பாலும் சிறு குழுச் செபத்தாலும் வளர்க்கப்பட வேண்டும் என்றும் இவர்கள் கூறினர்.

இக்கொள்கை தரங்கம்பாடியில் ஒரு சிக்கலை உருவாக்கியது. ஐரோப்பாவில் இது ஏற்கெனவே இருந்த சபைக்குள் எழுந்த சீர்திருத்தக் குரல். தமிழ்க் கரையிலோ அனுபவத்தையும் சபையையும் ஒருசேரத் தொடங்க வேண்டியிருந்தது. 1707 இல் முதல் தமிழர்கள் திருமுழுக்குப் பெற்றனர். அதே ஆண்டில் சிறு ஆலயம் ஒன்று கட்டப்பட்டது. இன்றும் வழிபாடு நடைபெறும் புதிய எருசலேம் ஆலயம் 1718 இல் எழுப்பப்பட்டது. புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1714–1715 இல் தரங்கம்பாடியிலேயே அச்சிடப்பட்டது. இறைவனின் சொல்லை ஒவ்வொருவரும் தம் மொழியில் தாமே படித்து உணர வேண்டும் என்னும் பயட்டிசக் கொள்கை பள்ளி, அச்சகம், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் தேவையாக்கியது. ஆகவே தமிழ் அச்சு வரலாற்றின் இப்பகுதி, தனிமனித அனுபவத்தைப் பற்றிய ஒரு சமயக் கருத்தின் நேரடி விளைவு ஆகும்.

திருமுழுக்கு நாடி வந்தவர்களுக்கு முதலில் மறைக்கல்வி அளிக்கப்பட்டது. மனமாற்றம் உண்மையானதா என்பதை மறைபரப்பாளரும் தமிழ் உபதேசியாரும் ஆராய்ந்தனர். அனுபவம் ஒருவருடைய உள்ளத்தில் நிகழ்ந்தாலும், அதை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு சபையிடம் இருந்தது. உபதேசியார்களுள் ஒருவரான ஆரோன் 1733 இல் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ் லுத்தரன் குருவானார்.

1760 இல் மொராவியச் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கு அருகில் தோட்டம் ஒன்றை அமைத்துக் கூட்டு வாழ்க்கை நடத்தினர். இறைவனுடன் கொள்ளும் நெருக்கமான உணர்வையும், உழைப்பையும் உடைமையையும் பகிர்ந்துகொள்ளும் சமூகத்தையும் இவர்கள் ஒன்றாகக் கண்டனர். ஆனால் லுத்தரன் மறைபரப்பாளர்கள் இவர்களைப் போட்டியாளராகவே நோக்கினர். நோயாலும் இறப்பாலும் நலிந்த இக்குடியேற்றம் 1803 இல் கைவிடப்பட்டது.

தரங்கம்பாடி மரபின் தொடர்ச்சியாகத் தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபை 1919 இல் அமைந்தது. அதன் தலைவர் இன்றும் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார்.

காரைக்கால்: பங்கும் பக்தியும்

காரைக்கால் 1739 இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. 1962 இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. நாற்புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கடலும் சூழ்ந்த இச்சிறு பகுதி, திருச்சபை ஆட்சியிலும் தனித்தே நிற்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் கத்தோலிக்கர் 1952 இல் அமைக்கப்பட்ட தஞ்சாவூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். காரைக்கால் கத்தோலிக்கரோ புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

காரைக்கால் நகரின் முதன்மைக் கத்தோலிக்க ஆலயம் தூய தேற்றரவு அன்னை ஆலயம் ஆகும். கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, கொடியிறக்கம் என்னும் முறையில் நடைபெறும் இதன் ஆண்டுத் திருவிழா, தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளின் பொது வழக்கை ஒத்தது. இவ்வமைப்பில் ஒருவரது சமய வாழ்வு பிறந்தவுடன் தொடங்குகிறது. குழந்தைத் திருமுழுக்கு, புதுநன்மை, உறுதிபூசுதல், திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசித்தல், இறுதியில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என ஒவ்வொரு படியும் பங்கின் பதிவேட்டில் இடம்பெறுகிறது. தனி அனுபவம் இங்கே நுழைவாயில் அன்று. சமூகத்திற்குள் ஏற்கெனவே இருக்கும் ஒருவர், செபமாலையிலோ நற்கருணையிலோ ஒப்புரவு அருட்சாதனத்திலோ பின்னர் அடைவது அது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின் இந்நிலை பெரிதும் மாறியது. இலத்தீனில் நடந்த திருப்பலி தமிழுக்கு மாறியது. பொதுநிலையினர் விவிலியம் வாசிப்பதும் பங்குப் பேரவையில் இடம்பெறுவதும் வழக்கமாயின. தமிழகப் பங்குகளில் "அன்பியம்" என்னும் சிறு குழுக்கள் உருவாயின. அண்டையில் வாழும் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி, விவிலியப் பகுதி ஒன்றைப் படித்து, அதைத் தம் வாழ்வோடு பொருத்திப் பேசுவது அன்பியத்தின் நடைமுறை. பெரிய பங்கில் பேச வாய்ப்பில்லாத ஒருவரும் தம் துன்பத்தையும் நன்றியையும் சொல்வதற்கு இது இடமளிக்கிறது.

இவ்வூர்ச் சூழலில் இறைவனைத் தனியே உணர்ந்து அதைப் பாடிப் பிறரோடு பகிரும் மரபு கிறித்தவத்திற்கு மிக முற்பட்டது. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான காரைக்கால் அம்மையாரின் ஊர் இதுவே. அவர் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் ஒருவரது தனி அனுபவம் ஊர் முழுவதற்கும் உரிய விழாவாகியிருப்பதைக் காணலாம். தமிழ்க் கிறித்தவ இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) தமிழ்ப் பக்தி இலக்கியத்தைக் கிறித்தவ அனுபவத்தை விளக்கப் பயன்படுத்தினார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவரது நூல் 1927 இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராகவும் பணியாற்றினார்.

வேளாங்கண்ணி: நேர்த்திக்கடன்

வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை ஆலயத்தின் தோற்றம் மூன்று மரபு நிகழ்வுகளுடன் இணைத்துக் கூறப்படுகிறது. பால் கொண்டுசென்ற சிறுவனும், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனும் அன்னையைக் கண்டனர் என்பன இரண்டு. புயலில் சிக்கிய போர்த்துக்கீச மாலுமிகள் கரைசேர்ந்தது மூன்றாவது. முதல் இரண்டும் எளிய சிறுவர்களின் தனி அனுபவங்கள். மூன்றாவது ஒரு குழுவின் அனுபவம். இவ்வாலயம் 1962 இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானால் இளம் பேராலயமாக உயர்த்தப்பட்டது.

ஆகஸ்டு 29 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கிச் செப்டம்பர் 8 அன்று நிறைவுறும் திருவிழாவிற்குப் பலர் நடைப்பயணமாக வருகின்றனர். சென்னை, புதுச்சேரி, கடலூர் வழியாகக் கரையோரமாக வருவோர் தரங்கம்பாடியையும் காரைக்காலையும் கடந்தே வேளாங்கண்ணியை அடைகின்றனர். காவி உடுத்தி, சிறு தேர் இழுத்து, குழுவாக நடக்கும் இவர்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேண்டுதல் உண்டு. ஆயினும் நடப்பதும் உண்பதும் பாடுவதும் கூட்டாகவே நடைபெறுகின்றன.

இங்கு அனுபவத்தின் வடிவம் நேர்த்திக்கடன் ஆகும். நலம் பெற்றவர் முடி காணிக்கை செலுத்துகிறார். உடல் உறுப்பு, தொட்டில், வீடு முதலிய வடிவங்களில் காணிக்கைப் பொருள் அளிக்கிறார். பெற்ற நன்மைகளுக்குச் சான்றாக அளிக்கப்பட்ட பொருள்கள் ஆலய வளாகத்தில் உள்ள காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வருவோரில் இந்துக்களும் முசுலிம்களும் அடங்குவர். அவர்கள் திருமுழுக்குப் பெறுவதில்லை. எந்தப் பங்கிலும் உறுப்பினர் அல்லர். ஆகவே வேளாங்கண்ணியில் அனுபவத்தின் எல்லை சபையின் எல்லையை விட அகன்றது. 2024 ஆகஸ்டு 1 நாளிட்டுத் தஞ்சாவூர் ஆயருக்கு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எழுதிய மடல், கிறித்தவர் அல்லாத பயணிகள் இங்கு ஆறுதல் பெறுவதையும் மதிப்புடன் குறிப்பிட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை இக்கரையோரம் முழுவதையும் தாக்கியது. வேளாங்கண்ணியில் இருந்த பயணிகளும், நாகப்பட்டினம், காரைக்கால் மீனவ ஊர்களின் மக்களும் பெருந்தொகையில் உயிரிழந்தனர். உயிர்பிழைத்தல் ஒருவருக்கு அருளாகத் தோன்றிய அதே நாளில், வேண்டுதலுக்காக வந்த மற்றொருவர் குழந்தையை இழந்திருந்தார். நலம் பெற்றவரின் அனுபவத்தை மட்டும் கொண்டு நம்பிக்கையை விளக்குவதன் எல்லையை இந்நிகழ்வு காட்டியது. நலம் பெறாதவருக்கும் இழந்தவருக்கும் சமயம் அளித்தது பெரும்பாலும் விளக்கம் அன்று; அடக்கம், நினைவு வழிபாடு, உணவு, உறைவிடம் போன்ற சமூகச் செயல்களே.

சாட்சி சொல்லுதல்

தனி அனுபவம் சபையின் உடைமையாக மாறும் முதன்மை வழி "சாட்சி" ஆகும். நீதிமன்றத்தில் கண்டதைச் சொல்பவரைக் குறிக்கும் இச்சொல், கிறித்தவத் தமிழில் இறைவன் தமக்குச் செய்ததைச் சபை முன் எடுத்துரைப்பதைக் குறிக்கிறது. செபக்கூட்டம், உபவாசக் கூட்டம், ஆண்டிறுதி இரவு ஆராதனை ஆகியவற்றில் சாட்சி சொல்லுதல் வழக்கமானது.

சாட்சிக்கு எழுதப்படாத ஓர் அமைப்பு உண்டு. முதலில் பழைய நிலை, அடுத்து நெருக்கடி, பின்னர் ஒரு வசனம் அல்லது ஒருவரின் அழைப்பு, அதன்பின் மாற்றம், இறுதியாக நன்றி என அது அமையும். புதிதாக வந்தவர் பிறருடைய சாட்சிகளைக் கேட்டே இவ்வமைப்பைக் கற்கிறார். இதனால் தமக்கு நேர்ந்ததை இனங்காணும் சொற்களும் அவருக்குச் சபையிடமிருந்தே கிடைக்கின்றன. இது சாட்சியைப் பொய்யாக்குவதில்லை. தாய்மொழியைப் பிறரிடமிருந்து கற்றாலும் அதில் ஒருவர் சொல்வது அவருடைய சொந்தக் கருத்தாகவே இருப்பதுடன் இதனை ஒப்பிடலாம். ஆயினும் இவ்வமைப்புக்குள் அடங்காத அனுபவங்கள், குறிப்பாக ஐயமும் விடை கிடைக்காத வேண்டுதலும், சொல்லப்படாமல் போகும் குறை இதில் உள்ளது.

எழுத்து வடிவச் சாட்சிக்கும் தமிழில் நீண்ட மரபு உண்டு. 1858 இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) தாம் கிறித்தவரான வரலாற்றை உரைநடையில் எழுதினார். 1894 இல் வெளிவந்த அவரது இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் நூலைத் தழுவி, ஒரு தனி ஆன்மாவின் பயணத்தைக் காப்பியமாக்கியது.

இருபதாம் நூற்றாண்டு இயக்கங்கள்

ஆவியின் நிறைவை வலியுறுத்தும் எழுப்புதல்கள் தமிழகத்திற்கு மேலை நாடுகளிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. 1860 இல் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) என்பவருடன் தொடர்புடைய எழுப்புதலில் அந்நிய பாஷை பேசப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. 1905 இல் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்திலும் எழுப்புதல் ஏற்பட்டது. உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படும் லாஸ் ஏஞ்சலீசு நகரின் அசூசா தெரு நிகழ்வு 1906 இல் நடந்தது. 1920களில் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன் பின்னர் தமிழகத்திலும் பரவியது.

கத்தோலிக்கத்தில் அருங்கொடை இயக்கம் 1967 இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி, 1972 இல் மும்பை வழியாக இந்தியாவுக்கு வந்தது. கைதட்டிப் பாடுதல், உரத்த செபம், நலமளிக்கும் வழிபாடு, சாட்சி ஆகியன இதன்வழிக் கத்தோலிக்கப் பங்குகளுக்குள்ளும் வந்தன. திருச்சபைத் தலைமை இதனை வெளியேற்றாமல், தியான இல்லங்கள், குருக்களின் வழிகாட்டல் ஆகியவற்றின் மூலம் உள்ளேயே வைத்துக்கொண்டது.

மூன்றாவது வகை, சபையாக அமையாத ஊழியங்கள் ஆகும். டி. ஜி. எஸ். தினகரன் (1935–2008) வங்கிப் பணியாளராக இருந்தவர். இளமையில் தற்கொலை செய்துகொள்ளும் எண்ணத்திலிருந்து மீண்டதையும் 1962 இல் இயேசுவைக் காட்சியில் கண்டதையும் அவர் தம் பொதுச் சாட்சியாகக் கூறிவந்தார். அவர் தொடங்கிய "இயேசு அழைக்கிறார்" ஊழியம், பொதுக்கூட்டம், வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசிவழிச் செபம் ஆகியவற்றின் மூலம் பல சபையினரையும் சென்றடைந்தது. இத்தகைய ஊழியங்களால் ஒருவர் தம் பங்கிலோ சபையிலோ உறுப்பினராக இருந்துகொண்டே, தம் அனுபவத்திற்கான ஊட்டத்தை வேறிடத்தில் பெறும் நிலை பரவலாயிற்று.

சபை சாராத நம்பிக்கை

அனுபவம் இருந்தால் சபை வேண்டுமா என்னும் வினா தமிழகத்தில் வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ஓ. கந்தசாமி செட்டி 1915 இல், தாம் கிறித்துவை நம்பியும் திருமுழுக்குப் பெறாதிருப்பதன் காரணங்களை விளக்கினார். வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான வி. சக்கரை, நீதிபதி பி. செஞ்சய்யா முதலியோர் இணைந்த "மறுசிந்தனைக் குழு" 1938 இல், தாம்பரத்தில் உலக மறைபரப்பு மாநாடு நடந்த ஆண்டிலேயே, தன் கருத்துகளை நூலாக வெளியிட்டது. மேலைநாட்டு அமைப்புடைய சபை இந்தியாவில் கிறித்து அனுபவத்திற்கு இன்றியமையாதது அன்று என்பது இவர்களது வாதத்தின் சாரம்.

சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய எர்பர்ட் ஓபர், திருமுழுக்குப் பெறாமலே இயேசுவை வழிபடும் தமிழர்களைக் கள ஆய்வு செய்து நூல் வெளியிட்டார். இத்தகையோரில் பலர் வீட்டில் தனியே செபித்தனர், வானொலி கேட்டனர், வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களுக்குச் சென்றனர். குடும்பத்தையும் உறவையும் இழக்க நேரிடும் என்பதே அவர்கள் சபையில் சேராததற்கு முதன்மைக் காரணமாக இருந்தது. இயேசுவை ஏற்பதற்கு அவர்களுக்குத் தடை இல்லை. மற்றொரு சமூகத்தின் உறுப்பினராவதே தடையாக இருந்தது.

பிணக்குகள்

அனுபவமும் சமூகமும் முரண்படும்போது அதன் விளைவுகள் நடைமுறை வாழ்வில் வெளிப்படுகின்றன.

திருமுழுக்கு: குழந்தைத் திருமுழுக்குப் பெற்ற ஒருவர், தாம் இப்போதுதான் உண்மையில் நம்புவதாக உணர்ந்து பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெறலாம். அவருக்கு அது முதல் திருமுழுக்கு; பழைய சபைக்கோ ஏற்கெனவே அளிக்கப்பட்ட அருட்சாதனத்தை மறுக்கும் செயல்.

திருமணமும் அடக்கமும்: சபை மாறியவருக்குப் பழைய பங்கில் ஓலை வாசிப்பதும், முன்னோர் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்வதும் கேள்விக்குள்ளாகலாம். சொந்தக் கல்லறைத் தோட்டம் இல்லாத சிறு சபைகளுக்கு இது பெரும் இடர்ப்பாடாகும். வாழும்போது தனி அனுபவமே போதும் எனக் கருதியவரின் குடும்பமும், இறப்பு நேர்கையில் சமூகத்தை நாடவேண்டியுள்ளது.

சாதி: இறைமுன் அனைவரும் ஒரே வகையில் மாற்றம் பெறுகின்றனர் என்னும் அனுபவக் கொள்கை, சபைக்குள் நிலவிய சாதிப் பிரிவினையைத் தானாகவே நீக்கிவிடவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் தனித்தனி இருக்கை முறை நிலவியது. 1833 இல் பேராயர் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கச் சபைகளில் சாதி வேறுபாட்டைக் கைவிட ஆணையிட்டபோது, பலர் சபையை விட்டு விலகினர். 2008 மார்ச்சு மாதத்தில், புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கோரியதையொட்டி எழுந்த மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, இருவர் இறந்தனர்.

சட்டம்: 1950 ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி கிறித்தவராகும் தலித்துகள் பட்டியல் சாதித் தகுதியை இழக்கின்றனர். புதுச்சேரிக்கான 1964 ஆம் ஆண்டு ஆணையும் இவ்வாறே அமைந்துள்ளது. இதனால் திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் இடம்பெறுவது கல்வி, வேலை வாய்ப்புகளைப் பாதிக்கும் செயலாகிறது. புதுச்சேரியில் எழுந்த வழக்கு ஒன்றில் 2024 நவம்பர் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திருமுழுக்கையும் தவறாது கோயிலுக்குச் சென்றதையும் கிறித்தவ சமயத்தைப் பின்பற்றுவதற்கான சான்றுகளாகக் கொண்டது. உள்ளத்தில் நிகழ்வதைச் சட்டம் அளக்க இயலாது. ஆகவே அது சமூகத்தில் வெளிப்படும் அடையாளங்களையே கணக்கில் கொள்கிறது.

அனுபவத்தைத் தேர்ந்து தெளிதல்

எல்லாச் சபைகளும் அனுபவத்தை ஏதேனும் ஒரு வகையில் ஆராய்ந்தே ஏற்கின்றன. கத்தோலிக்கத்தில், தனி ஒருவருக்குக் கிடைத்ததாகக் கூறப்படும் காட்சியை நம்புவது எவருக்கும் கட்டாயம் அன்று. இத்தகைய நிகழ்வுகளை ஆராய்வதற்கான புதிய விதிமுறைகளை வத்திக்கான் 2024 மே மாதத்தில் வெளியிட்டது. சீர்திருத்தச் சபைகளில் விவிலியத்துடன் ஒத்திருத்தல் அளவுகோலாகும். பெந்தெகொஸ்தே சபைகளில் போதகரும் மூப்பரும் தீர்க்கதரிசனங்களைச் சோதித்தறிய வேண்டும் எனக் கொள்ளப்படுகிறது. ஒரே போதகரின் அனுபவமே சபையின் ஒரே அதிகாரமாகிவிடும் இடங்களில் இச்சோதனை வலுவிழக்கிறது.

இவை அனைத்திலும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. அனுபவம் பெற்றவரின் வாழ்வில், குறிப்பாக அயலாருடன் அவர் கொள்ளும் உறவில், நிலையான மாற்றம் காணப்படுகிறதா என்பதே அது. இதனைக் காலப்போக்கில் உடன் வாழ்வோரே அறிய இயலும். ஆகவே அனுபவம் தனிமையில் தொடங்கினாலும், அதன் மெய்மை சமூகத்திலேயே தெரியவருகிறது. அவ்வாறே, அனுபவத்திற்கு இடமளிக்காத சமூகம் பதிவேடும் கல்லறைத் தோட்டமும் மட்டும் உடைய அமைப்பாகச் சுருங்கிவிடும் என்பதைத் தரங்கம்பாடி முதல் அன்பியங்கள் வரையிலான இயக்கங்கள் மீண்டும் மீண்டும் நினைவூட்டியுள்ளன.

இவற்றையும் பார்க்க

காரைக்கால்
தரங்கம்பாடி
பர்த்தொலொமேயு சீகன்பால்கு
வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை ஆலயம்
எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை
பெந்தெகொஸ்தே இயக்கம்
இரண்டாம் வத்திக்கான் சங்கம்